நான்கு இழைக்கும் நான்கு வேலை: முறுக்காத மேக்ரமே மாலை

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ஒரு தோழி கேட்டிருக்கிறார்: மேக்ரமே, அதாவது கயிற்றைக் கையால் முடிந்து முடிந்து செய்யும் வேலைப்பாடு; அந்த முடிச்சு போட்டு, இடையில் மணி கோத்து, நடுவில் டாலர் வைத்து ஒரு மாலை செய்ய ஆசை. மூன்று தடவை முயன்றுவிட்டார். முதல் மாலை கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டது. இரண்டாவதில் பாதியிலேயே கயிறு தீர்ந்துவிட்டது. மூன்றாவதை முடித்துவிட்டார், ஆனால் கழுத்தில் போட்டதும் டாலர் பக்கவாட்டில் திரும்பி நிற்கிறது. எங்கே தவறுகிறது, கொக்கி இல்லாமல் மாலையை முடிக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி.

தோழி, உங்கள் கையில் குறை எதுவும் இல்லை. ஒரு மாலையை முடிவு வரை கொண்டுவந்திருக்கிறீர்கள், அதனால் முடிச்சு உங்களுக்கு வருகிறது. நான்கு இழைகளையும் ஒன்றுபோலவே நினைக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். இந்த முடிச்சில் நான்கு இழைக்கும் தனித்தனி வேலை உண்டு. நடுவில் இரண்டு இழைகள் அசையாமல் நேராக நிற்கும். அவைதான் மாலையின் முதுகெலும்பு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இழைகள் அவற்றைச் சுற்றி ஓடும். ஓடும் இரண்டில் ஒன்று எப்போதும் முன்னால் போகும், இன்னொன்று எப்போதும் பின்னால் போகும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் முறுக்கலும் கயிறு தீர்வதும் போய்விடும். டாலர் திரும்புவதற்குக் காரணம் வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மா வயர் கூடை பின்னுவார். சிவன் கண், நெல்லிக்காய், பிஸ்கட் என்று முடிச்சின் பெயரே கூடைக்கும் பெயராக இருக்கும். பின்னத் தொடங்குமுன் வயரை அளந்து வெட்டி அடுக்கி வைப்பதற்கே அம்மாவுக்கு ஒரு மதியம் போய்விடும். சின்ன வயதில் எனக்கு அது வீண் நேரமாகத் தெரிந்தது. மாலை கட்டத் தொடங்கிய பிறகுதான் அந்த மதியத்தின் அருமை புரிந்தது. அதனால் அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

1 மில்லிமீட்டர் கனமுள்ள கயிறு என்று வைத்துக்கொள்வோம். நெஞ்சுக்குக் கொஞ்சம் மேலே டாலர் தொங்கும் 45 சென்டிமீட்டர் மாலை. டாலரின் இரு பக்கமும் 15 சென்டிமீட்டர் மட்டும் முடிச்சும் மணியுமாக வரும். கழுத்துக்குப் பின்னால் போகிற மீதி வெறும் நடு இழைகள்தான். முழுவதும் முடிச்சு போட்டால் பிடரியில் உறுத்தும், நம் ஊர் வியர்வைக்கு அரிக்கவும் செய்யும்.

நடு இழைக்கு 90 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டுங்கள். அவை சுற்றுவதில்லை, நேராக மட்டுமே போகின்றன, அதனால் இது போதும். ஓடும் இழைக்குக் கணக்கு வேறு. முடிச்சு விழும் நீளத்தைப்போல் ஐந்து மடங்கு ஒவ்வொரு இழைக்கும் வேண்டும். 15 சென்டிமீட்டருக்கு 75, கடைசியில் கை பிடித்து இழுக்க இன்னொரு 15, ஆக 90. ஒரே கயிற்றை நடுவில் மடித்துத்தான் இரண்டு இழையாக்கப் போகிறோம் என்பதால் பக்கத்துக்கு 180 சென்டிமீட்டரில் ஒரு துண்டு. இரு பக்கத்துக்கும் இரண்டு. பின்கழுத்து முடிச்சுக்குத் தனியாக 50 சென்டிமீட்டர். எல்லாம் சேர்த்து 6 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 10 மீட்டர் வாங்கிவிடுங்கள். முதலில் 60 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி வெறுமனே முடிச்சு போட்டுப் பாருங்கள். உங்கள் கை இறுக்கத்துக்கு எவ்வளவு கயிறு எவ்வளவு நீளமாகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். கை இறுக்கமானவர்களுக்கு ஆறு மடங்குகூடத் தேவைப்படலாம். உங்கள் இரண்டாவது மாலையில் நான்கு துண்டையும் ஒரே நீளத்தில் வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படி வெட்டினால் ஓடும் இழை தீர்ந்து நிற்கும்போது நடு இழை முழம் முழமாக மிச்சம் கிடக்கும்.

என்ன கயிறு? மெழுகு பூசிய பருத்திக் கயிறு கைக்கு இதமானது, முடிச்சு நழுவாமல் உட்காரும், முதல் மாலைக்கு அதையே சொல்வேன். ஆனால் கடற்கரைப் பக்கம் இருக்கிற நாம் தினமும் போட்டுக்கொண்டால் வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்து அதைச் சீக்கிரம் நைந்துபோக வைக்கும். தினசரிக்கு நைலான் அல்லது பாலியஸ்டர் பின்னல் கயிறு நல்லது. துவைக்கலாம், நுனியை உருக்கி முடிக்கலாம். காசிமேட்டில் சுலபமாகக் கிடைக்கிறதே என்று மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பில் இதைச் செய்யப் பார்க்காதீர்கள். அது ஒற்றை நரம்பு, வழுக்கும், விறைக்கும். பாசி கோக்க நல்லது, இந்த முடிச்சுக்கு ஆகாது.

சாயம் போகுமா என்று பார்க்காமல் எந்தக் கயிற்றையும் வெட்டாதீர்கள். ஒரு தடவை பாரிமுனையில் கட்டாக வாங்கிய கருஞ்சிவப்புக் கயிற்றில் ஆறு மாலை செய்து கொடுத்துவிட்டேன். அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு கல்யாணத்துக்குப் போன பெண்ணின் சந்தன நிறப் பட்டு ரவிக்கையில் கழுத்து நெடுக சிவப்பாக இறங்கிவிட்டது. அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் மனசு ஆறவில்லை. அன்றிலிருந்து வெள்ளைத் துணியை ஈரமாக்கி, கயிற்றை அதில் வைத்து அழுத்தித் தேய்த்துப் பார்த்த பிறகே கத்தரியை எடுக்கிறேன்.

மணி விஷயத்தில் எல்லோரும் நிறத்தையும் அளவையும்தான் பார்க்கிறார்கள். நீங்கள் துளையைப் பாருங்கள். நடு இழைகள் இரண்டும் சேர்ந்தே மணிக்குள் போகவேண்டும். 1 மில்லிமீட்டர் கயிறு இரண்டு என்றால் துளை 2 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும். மர மணிகளிலும் டெரகோட்டா மணிகளிலும் இது பெரும்பாலும் கிடைக்கும். சின்னக் கண்ணாடி மணிகளில் துளை 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே இருக்கும்; எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கயிற்றுக்கு அவை உதவாது. தேவராஜ முதலி தெருப் பக்கம் மணி வாங்கப் போனால் உங்கள் கயிற்றில் ஒரு துண்டைக் கையோடு எடுத்துப்போய், மடித்து, கடையிலேயே நுழைத்துப் பார்த்து வாங்குங்கள். துளையின் விளிம்பையும் நகத்தால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் அது கயிற்றை நாளுக்கு நாள் அறுத்துக்கொண்டே இருக்கும். கண்ணாடி மணியிலும் மலிவான உலோக மணியிலும் இந்தத் தொல்லை அதிகம். பித்தளை மணி வியர்வை பட்டுப் பச்சை படிந்து கறுக்கும் என்பதும் நினைவிருக்கட்டும்.

அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பவளக்காரத் தெருவின் பெயர்ப்பலகையைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றுவிடுவேன். மத்தியதரைக் கடல் பவளம் கப்பலில் மதராசுக்கு வந்து இறங்க, பதிலுக்கு இங்கிருந்து வைரம் போன காலம் ஒன்று இருந்தது. அந்தப் பவள வியாபாரிகள் வாழ்ந்த தெரு அது. மணி கோக்கும் வேலைக்கு வடசென்னையில் எவ்வளவு பழைய வேர் இருக்கிறது பாருங்கள். மேக்ரமே வெளியூர் வேலைதான். அந்தப் பெயர் அரபு மொழியிலிருந்து வந்தது என்பார்கள். துணியின் ஓரத்தில் தொங்கும் நூல்களை முடிந்து அலங்கரிப்பதில் பிறந்த கலை. கப்பல் மாலுமிகளும் நெடும் பயணங்களில் பொழுதுபோக்காக இதைச் செய்தார்கள். ஆனால் வலையில் கண் கண்ணாக முடிச்சு விழுவதையும், வாசலில் உட்கார்ந்து சரம் சரமாகப் பூக் கட்டுவதையும் பார்த்து வளர்ந்த நமக்கு இது அந்நியமாக இருக்கவே முடியாது.

சரி, கட்டத் தொடங்கலாம். டாலரிலிருந்து தொடங்குங்கள். ஒரு முனையிலிருந்து ஆரம்பித்து நடுவில் டாலரைச் சேர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே நீளத்துக்கு வருவது கடினம், ஓடும் இழையும் இரட்டிப்பு நீளமாகி ஒவ்வொரு முடிச்சிலும் சிக்கும்.

டாலர் ஏன் திரும்புகிறது என்பதற்கு இங்கே பதில் இருக்கிறது. உங்கள் டாலரை எடுத்து, அதன் துளை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். இரண்டு வகை உண்டு. டெரகோட்டா, மரம், சிப்பி டாலர்களில் பெரும்பாலும் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் நேராகத் துளைத்திருப்பார்கள். தங்கச் சங்கிலிக்கான டாலர் மாதிரி தலையில் வளையம் வைத்தவற்றில் துளை இடமிருந்து வலமாகப் போகும். முதல் வகைக்கு மடித்து மாட்டும் முடிச்சுதான் சரி. நடு இழைகள் இரண்டையும் சேர்த்து நடுவில் மடியுங்கள். மடிப்பைப் பின்பக்கத்திலிருந்து துளைக்குள் விட்டு முன்னால் எடுங்கள். நான்கு நுனிகளையும் அந்த மடிப்புக்குள் நுழைத்து மேலே இழுங்கள். ஆங்கிலத்தில் லார்க்ஸ் ஹெட் என்பது இதுதான். டாலர் முகம் காட்டி நிற்கும். மடிப்போடு நான்கு கயிற்றுக் கனம் துளைக்குள் போவதால் துளை 2.5 மில்லிமீட்டர் இருக்கவேண்டும்.

இரண்டாவது வகைக்கு இதே முடிச்சைப் போட்டால் டாலர் கால் சுற்று திரும்பிவிடும். உங்கள் மூன்றாவது மாலையில் நடந்தது இதுதான். அந்த வகையில் முடிச்சே வேண்டாம். நடு இழைகள் இரண்டையும் வளையத்துக்குள் நேராகக் கோத்து, டாலரை நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் ஒட்டி ஒவ்வொரு முழு முடிச்சு (போடும் விதம் கீழே வருகிறது) போட்டு அடைத்துவிடுங்கள். டாலர் முகம் மாறாது.

மாட்டிய டாலரைப் பரீட்சை எழுதும் அட்டையின் கிளிப்பில் கவ்வ வையுங்கள். இடப்பக்கம் இரண்டு நடு இழை, வலப்பக்கம் இரண்டு எனப் பிரித்துவிட்டு, ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடு இழைகள் விறைப்பாக நிற்கவேண்டும். தொய்ந்தால் முடிச்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அடி நுனியை அட்டையின் கீழ் விளிம்பில் ஒட்டுநாடா போட்டு ஒட்டலாம். நான் தரையில் உட்கார்ந்து, நார் பிடிக்கிற மாதிரி கால் கட்டைவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறேன். அதைவிட நல்ல பிடிமானம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

180 சென்டிமீட்டர் துண்டின் நடுப்பகுதியை, டாலரை ஒட்டி, நடு இழைகளுக்குப் பின்னால் வையுங்கள். இப்போது இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று என்று ஓடும் இழைகள் தயார். இடப்பக்க இழையின் நுனியில் கொஞ்சம் நகப்பூச்சு தடவிக் காயவிடுங்கள். அதுதான் உங்கள் முன் இழை. மணிக்குள் போகவேண்டிய நடு இழைகளின் நுனிக்கும் அப்படியே தடவிச் சாய்வாக நறுக்கினால் ஊசி மாதிரி விறைத்து நுழையும்.

முன் இழையை நடு இழைகளின் மேலாக வலப்பக்கம் கொண்டுபோங்கள். இடப்பக்கத்தில் ஒரு வளைவு நிற்கும். மற்ற இழை அதன்மேல் ஏறி, நடு இழைகளுக்குப் பின்னால் புகுந்து, இடப்பக்க வளைவுக்குள்ளிருந்து முன்னால் வரட்டும். இரண்டையும் ஒரே அளவு விசையில் பக்கவாட்டில் இழுங்கள். அரை முடிச்சு ஆயிற்று. இப்போது நகப்பூச்சு தடவிய இழை வலப்பக்கம் வந்திருக்கும். மறுபடியும் அதையே நடு இழைகளின் மேலாக இடப்பக்கம் கொண்டுபோங்கள். மற்றது அதன்மேல் ஏறி, பின்னால் புகுந்து, வலப்பக்க வளைவுக்குள்ளிருந்து வெளியே வரட்டும். இறுக்கினால் ஒரு முழு முடிச்சு, தட்டையாக, சதுரமாக உட்காரும்.

எந்தப் பக்கம் இருந்தாலும் நகப்பூச்சு இழைதான் முன்னால் போகும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு தடவை இடம், ஒரு தடவை வலம்" என்று எண்ணச் சொல்லித்தான் பலரும் கற்றுத் தருகிறார்கள். அப்படி எண்ணினால் நடுவில் யாராவது கூப்பிட்டாலோ, அடுப்பில் பால் பொங்கினாலோ எண்ணிக்கை போய்விடும். இழையை அடையாளம் வைத்தால் எழுந்து போய் வேலையை முடித்து வந்தும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உங்கள் முதல் மாலை முறுக்கியதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் இடப்பக்கத்தில் இருந்த இழையையே முன்னால் கொண்டுபோனதுதான். அப்போது முன் இழையும் பின் இழையும் மாறி மாறி வேலையைப் பிடுங்கிக்கொள்ளும், மாலை திருகும். அந்தத் திருகலும் ஒரு வகை அழகுதான். வேண்டுமென்றே அப்படிக் கட்டுவதும் உண்டு. தட்டையாக வேண்டும் என்கிற இடத்தில்தான் அது பிழை.

இறுக்குவதைப் பற்றி இன்னும் ஒன்று. ஒரு பக்கத்தை மட்டும் வலுவாக இழுத்தால் அந்த இழை நேராகிவிடும், மற்ற இழை அதைச் சுற்றிக்கொள்ளும், முடிச்சு உருக்குலைந்து வழுக்கும். பக்கவாட்டில் சமமாக இழுங்கள், அப்புறம் விரலால் மேலே ஒதுக்கி முந்தைய முடிச்சோடு சேருங்கள். முதல் பத்து முடிச்சும் கடைசிப் பத்து முடிச்சும் ஒரே இறுக்கத்தில் இருந்தாலே மாலை கடையில் வாங்கியது போலத் தெரியும். கை வலித்தால் நிறுத்திவிடுங்கள். சோர்ந்த கை தளர்வாகக் கட்டும், அது மாலையில் அப்படியே தெரியும்.

ஏழு முழு முடிச்சு முடிந்ததும் நடு இழைகள் இரண்டிலும் சேர்த்து ஒரு 8 மில்லிமீட்டர் மணியைக் கோத்து முடிச்சோடு ஒட்டித் தள்ளுங்கள். ஓடும் இழைகள் மணியின் இரு கன்னத்தையும் தழுவிக்கொண்டு கீழே வரட்டும். மணிக்கு அடியில் அடுத்த முழு முடிச்சு. இங்கே ரொம்ப இழுத்தால் மணி நெருக்கப்பட்டுச் சாயும், தளரவிட்டால் பக்க இழை காதுபோல் வெளியே துருத்தும். மணியைத் தொட்டும் தொடாமலும் இழை போகவேண்டும். இப்படி பக்கத்துக்கு நான்கு மணி, ஏழேழு முடிச்சாக ஐந்து கூட்டம் வைத்தால் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் வந்துவிடும். உங்கள் முடிச்சு பெரிதாக விழுந்தால் ஏழை ஆறாகக் குறையுங்கள். அடுத்த பக்கத்தை அளவுகோல் வைத்துச் செய்யாதீர்கள், முடிச்சை எண்ணிச் செய்யுங்கள். அங்கே முன் இழையை வலப்பக்கத்திலிருந்து தொடங்கினால் இரு பக்கமும் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஒத்துப்போகும்.

முடிச்சு முடிந்த இடத்தில் ஓடும் இழைகளை வெட்டவேண்டும். நைலான் என்றால் 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டி, லைட்டரின் நீலச் சுடர் பக்கத்தில் ஒரு நொடி காட்டினால் நுனி உருண்டு நிற்கும். சூடாக இருக்கும்போது விரலை வைக்காதீர்கள். லைட்டரின் உலோக ஓரத்தால் அழுத்துங்கள். பருத்திக் கயிறு உருகாது, எரியத்தான் செய்யும். அதற்கு, கடைசி முடிச்சை இறுக்கும் முன்பே பின்பக்கம் ஒரு சொட்டு துணிப் பசை வைத்து, பிறகு இறுக்கி, ஒரு ராத்திரி காயவிட்டு வெட்டுங்கள். உடனே ஒட்டும் பசை வேண்டாம், அது இறுகிக் கழுத்தில் குத்தும்.

கொக்கி இல்லாமல் முடிக்க வழி உண்டு. கொக்கியைவிட அதுதான் எனக்குப் பிடிக்கும். மாலையை வட்டமாக வைத்து, இடப்பக்க இரண்டு இழையும் வலப்பக்க இரண்டு இழையும் எதிரெதிர்த் திசையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்து போகும்படி அடுக்குங்கள். அந்த நான்கு இழைகளையும் நடு இழைகளாக வைத்து, 50 சென்டிமீட்டர் துண்டால் ஆறு முழு முடிச்சு போட்டு, அதன் நுனிகளை மேலே சொன்னபடி அடையுங்கள். தொங்கும் நுனிகளில் ஒவ்வொரு மணி கோத்துச் சாதா முடிச்சு போட்டுவிடுங்கள். நுனிகளைப் பிடித்து இழுத்தால் மாலை சுருங்கும். முடிச்சின் இரு பக்கமும் மாலையைப் பிடித்து இழுத்தால் விரியும். மேலே சொன்ன அளவுக்கு இது 70 சென்டிமீட்டருக்கு மேல் விரியும், தலைவழியாகத் தாராளமாகப் போட்டுக் கழற்றலாம். இந்த ஆறு முடிச்சையும் மற்றவற்றைவிடச் சற்றுத் தளர்வாகப் போடுங்கள், ஆனால் தானாக நழுவும் அளவுக்கு வேண்டாம். பசை உள்ளே உள்ள நான்கு இழைகளில் பட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டால் நகரவே நகராது.

நீங்கள் ஏற்கெனவே செய்த மூன்றையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாலர் திரும்பிய மாலையைப் பிரிக்கவே தேவையில்லை. டாலரை மட்டும் கழற்றி, கயிற்றுக்கும் டாலருக்கும் நடுவில் ஒரே ஒரு துருப்பிடிக்காத எஃகு வளையம் சேர்த்தால் அது கால் சுற்றுத் திரும்பி நேராக நின்றுவிடும். கயிறு தீர்ந்த மாலைக்கு, கடைசி மணிக்குக் கீழே உள்ள முடிச்சுகளைப் பிரித்துவிட்டு, புதிய துண்டின் நடுப்பகுதியை நடு இழைகளுக்குப் பின்னால் வைத்து அங்கிருந்தே தொடருங்கள். பழைய நுனிகளைப் பின்பக்கம் ஒட்டி வெட்டிவிட்டால் மணி அந்த இணைப்பை மறைத்துவிடும். முறுக்கிய மாலையில் டாலரைக் கழற்றிவிட்டு ஒரு பெரிய மர மணியை மட்டும் நடுவில் வைத்துப் பாருங்கள், அந்தத் திருகலுக்கு அது நன்றாகப் பொருந்தும்.